ஒரு நாள் கூட்டி எழுதியவள்

ரோனா கில்லிஸைப் பற்றி எங்கள் மலையூர் அக்னகார்னில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் அவள் வைக்கும் பருப்பு சூப்பைப் பற்றி. இருபத்தாறு வருஷம் எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். அன்றைக்குத் தட்டில் கேரட்டை மிச்சம் வைத்த பிள்ளைகள் நாற்பது வயதான பிறகும் கேரட்டைக் கண்டால் மறுபேச்சில்லாமல் தின்றுவிடுகிறார்கள். தலைமையாசிரியர் நல்ல உயரம். அவளிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் குனிந்துதான் பேசுவார்.

என் பெயர் லாக்லன் பெய்ட்டன். லாக்கி என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியும். ஊரில் இருக்கிற ஒரே கடை என்னுடையது. பால், ரொட்டி, பெட்ரோல், தபால் எல்லாம் அங்கேதான். போதாக்குறைக்கு மலை மீட்புக் குழுவுக்கும் அப்போது நான்தான் தலைவன். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. மலையில் யாராவது விழுந்தாலோ வழி தவறினாலோ போலீஸ் என்னைக் கூப்பிடும். நான் மற்றவர்களைக் கூப்பிடுவேன். தச்சன், ஆடு வளர்க்கிறவன், நர்ஸ், மீன்பண்ணையில் வேலை செய்கிற அண்ணன் தம்பி என்று பத்தொன்பது பேர், கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவார்கள்.

நாங்கள் மேலே போன பிறகு கீழே தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில் ரேடியோ முன்னால் ரோனா உட்காருவாள். யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள், காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், எப்போது தேடலை நிறுத்த வேண்டும் எல்லாம் அவள் கணக்கு. "லாக்கி, போதும், இறங்கு" என்று அவள் குரல் வந்தால் நான் இறங்கிவிடுவேன். ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டேன்.

அவள் புருஷன் நீல் எங்கள் குழுவில்தான் இருந்தான். தபால்காரன். வேலை நாளெல்லாம் நடந்துவிட்டு, விடுமுறையிலும் நடக்கப் போகிற ஜாதி. ஒரு பிப்ரவரியில், நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போன ஒருவர் ஏழு மணி வரை வரவில்லை என்று எங்களுக்குப் போன் வந்தது. கோரி லியாவுக்குள் தேடிப் போனோம். கோரி என்றால் மலையைக் குடைந்தெடுத்த மாதிரி ஒரு பெரிய பள்ளம், நடுவில் சின்ன ஏரி. அதற்குள் போகும் பாதை ஒரு நெட்டுச் சரிவின் அடியில் போகிறது. அந்தச் சரிவிலிருந்து பனி மொத்தமாகக் கழன்று இறங்கி நீலை எடுத்துக்கொண்டு போனது. தோண்டி எடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் ரோனா ரேடியோவில் இருந்தாள். நாங்கள் சொன்னதையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டாள்.

தேடப்பட்ட மனுஷன் மனசு மாறி, அந்தப் பக்கத்து மலைக்குடிலில் தங்கி, அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி வறுத்துத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் இறங்கி வந்து, ஏன் இத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் கை போனது. ரோனா அவருக்கு ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்தாள். "இனிமே வீட்ல நேரம் சொல்றப்ப ஒரு நாள் கூட்டிச் சொல்லுங்க சார்," என்றாள். அந்த ஆள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

கூட்டிச் சொல்வது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. மலைக்குப் போகிறவர்கள் எந்த வழி, எங்கே கூடாரம், எப்போது திரும்புவது என்று ஒரு தாளில் எழுதி என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அதைக் கல்லா பக்கத்துக் கிளிப்பில் மாட்டி வைப்பேன். வெளியூர்க்காரர்கள் எப்போதும் குறைத்து எழுதுவார்கள், எட்டு மணி நேரத்து நடையை ஐந்து மணி நேரம் என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கூட்டி எழுதுவார்கள். தன்னைத் தூக்கிவரப் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான் என்பதைவிடப் பெரிய அவமானம் எங்களுக்குக் கிடையாது. கால் உடைந்தாலும் தவழ்ந்து வந்து, காரை எடுத்துக்கொண்டு, தானே டாக்டரிடம் போய் நிற்கிற ஊர் இது. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

நீல் போனதற்கு அடுத்த வருஷத்திலிருந்து ரோனா பிப்ரவரியில் பள்ளி விடுமுறை விட்டதும் தனியாக மலைக்குப் போக ஆரம்பித்தாள். முதுகில் மூட்டை, அதில் கூடாரம், தூக்கப் பை, அடுப்பு. மூன்று இரவு கோரி லியாவில், அந்த ஏரிக்கரையில். எதற்கு அங்கேயே போகிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "பள்ளிக்கூடத்துல நூத்திப்பத்து பிள்ளைங்க லாக்கி. எனக்கும் மூணு நாள் யாரும் பேசாம இருக்கணும்," என்றாள். குழுவில் உதவிக்கு அழைக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது, பொத்தானை அழுத்தினால் இருக்கிற இடம் போலீசுக்குத் தெரிந்துவிடும். எடுத்துப் போகச் சொன்னேன். "அழுத்தினா யார் வருவா? நீங்கதானே?" என்று சொல்லிவிட்டு அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். பதினோரு வருஷம் அப்படியே போய் வந்தாள்.

பன்னிரண்டாவது வருஷம் அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை காலை கடைக்கு வந்து ஒரு கேஸ் குப்பி, ஓட்ஸ் ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கினாள். தாளைக் கொடுத்தாள். புதன்கிழமை பகல் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. கூடவே, செவ்வாய் சாயங்காலத்துக்கு இரண்டு பாட்டில் பால் எடுத்து வை என்றாள். நான் தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"அப்ப நிஜமா வர்றது செவ்வாயா?"

"தாள்ல என்ன எழுதியிருக்கோ அதான் நிஜம். புதன் பன்னெண்டுக்கு முன்னாடி உன் மூஞ்சியை மலையில பாத்தேன்னு வெச்சுக்க, உன் பனிக்கோடாரியை வாங்கி உன்னையே அடிப்பேன்."

கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளைக் கிளிப்பில் மாட்டினேன்.

ஞாயிறு நல்ல வெயில். திங்களும் மத்தியானம் வரை அப்படித்தான், ஆனால் மாலையிலிருந்து பலத்த காற்றும் பனியும் வரும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அன்று நாலு மணிக்கு, தெற்கே பெர்த் டவுனிலிருந்து வந்த கணவன் மனைவி இருவர் மலையிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தார்கள். ஏரிக்கரையில் ஒரு அம்மாவின் கூடாரத்தைப் பார்த்தோம், கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார், பாதை வழியாகப் போகாதீர்கள், முகட்டைச் சுற்றிப் போங்கள் என்று வழி சொன்னார் என்றார்கள். எங்கள் பூட்ஸைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறீர்களா என்று கேட்டார் என்று அந்தப் பெண் சிரித்தாள். சந்தேகமே இல்லை, ரோனாதான். கூடாரத்துக்குள் இருந்தபடியே வாசல் வழியாகக் குவளையை நீட்டினார், வெளியே வரவில்லை, குளிராக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு மிச்சச் சில்லறையைக் கொடுத்தேன்.

செவ்வாய் காலை எதிர்வீடு தெரியவில்லை. பனி குறுக்காகப் பறந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு ரோனாவின் மகள் எய்லி போன் செய்தாள். அவள் இன்வர்னஸ் டவுனில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை.

"லாக்கி மாமா, அம்மா வந்தாச்சா? இன்னிக்கு வரணுமே."

"இன்னிக்கு இல்லம்மா, நாளைக்கு. எழுதிக் குடுத்திருக்கா, புதன் பன்னெண்டு மணின்னு. தாள் என் கண் முன்னாலதான் தொங்குது."

"செவ்வாய்னுதான் எங்கிட்ட சொன்ன மாதிரி ஞாபகம்."

"நீ தப்பா ஞாபகம் வெச்சிருக்கே. போய் வேலையைப் பாரு."

போனை வைத்தேன். பால் வைக்கிற அலமாரியில் ரோனா பெயர் எழுதிய இரண்டு பாட்டில் இருந்தன. நான் காலையில் எடுத்து வைத்தவை.

பதினோரு மணிக்கு மர்டோ வந்தான். தச்சன், குழுவில் எனக்கு அடுத்தவன், அதிகம் பேச மாட்டான். சாலையோரம் ரோனாவின் கார் மேல் முழங்கால் உயரம் பனி கிடக்கிறது, யாரும் தொடவில்லை என்றான். அவள் ஒரு நாள் கூட்டித்தான் எழுதுவாள் என்று எனக்கும் தெரியும், மர்டோவுக்கும் தெரியும்.

"ஆளுங்களக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

அந்தச் சரிவில் பனி இன்றைக்கு நிற்காது என்றேன். சரிவடியில் போக வேண்டாம், முகட்டைச் சுற்றிப் போவோம், மூணு மணி நேரம் கூட ஆகும், காற்று அடிக்கும், ஆனால் போய்விடலாம் என்றான். அவன் சொன்னது சரி. எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும், இதைவிட மோசமான காற்றில் போயிருக்கிறேன்.

அந்த நிமிஷத்தில் என் மனசில் என்ன இருந்தது என்பதை இன்றைக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவு இல்லை, மர்டோவின் உயிர் இல்லை. மனசில் ஓடியது ஒரு காட்சி: நாங்கள் எல்லோரும் உறைந்த தாடியோடு போய் நிற்கிறோம். அவள் சூடாகக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறாள். நீலைக் கொன்ற மாதிரியே இன்னொரு வீண் தேடல், அதுவும் நானே கிளப்பியது. அவள் என்னைப் பார்க்கும் பார்வை. ஊர் முழுக்க அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிக்கும். நான் அவள் வாய்க்குப் பயந்தேன். அவ்வளவுதான்.

"நாளைக்குப் பன்னெண்டு. அவ எழுதினபடி," என்றேன்.

மர்டோ ஒரு பெட்டி ஆணி வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் பால் அங்கேயே இருந்தது. கடையைப் பூட்டும்போது அதைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன்.

புதன் காலை காற்று அடங்கியது. நான் பன்னிரண்டு வரை காத்திருக்கவில்லை, ஒன்பதுக்கே எல்லோரையும் கூப்பிட்டேன். மூன்று மணி நேரத்தால் என்ன வந்துவிடப் போகிறது, வாக்கையும் காப்பாற்றவில்லை, அவளையும் காப்பாற்றவில்லை. சரிவிலிருந்து பனி இறங்கிப் பாதையை இரண்டு ஆள் உயரத்துக்கு மூடியிருந்தது. முகட்டைச் சுற்றித்தான் போனோம். முந்தின நாள் மர்டோ சொன்ன அதே வழி.

கூடாரம் பாதி சாய்ந்து பனிக்குள் இருந்தது. நடுக்கம்பி முறிந்து, துணி கிழிந்து, உள்ளே பனி நுழைந்திருந்தது. ரோனா தூக்கப் பைக்குள் ஏரி பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எங்கள் நர்ஸ் ஷீனா கழுத்தில் விரலை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். வலது கால் முட்டிக்குக் கீழே உடைந்திருந்தது. ஊன்றுகோலை இரண்டாக முறித்து வைத்து, கழுத்துத் துணியைக் கிழித்து, அழகாகக் கட்டியிருந்தாள். எங்களில் யார் கட்டியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. புதன் விடியற்காலையில்தான் உயிர் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். கால் உடைந்ததால் சாகவில்லை, நனைந்து குளிரில் செத்திருக்கிறாள்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. தேடல் நாட்களில் ரேடியோ முன்னால் எழுதுகிற மாதிரியே, நேரம் போட்டு, வரி வரியாக எழுதியிருந்தாள். அங்கேயே பனியில் மண்டியிட்டுப் படித்தேன்.

ஞாயிறு 15:20, தண்ணீர் எடுக்கப் போய்ப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன், கால் உடைந்தது. 17:30, தவழ்ந்து கூடாரத்துக்கு வந்துவிட்டேன். திங்கள் 11:10, இரண்டு பேர் வருகிறார்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் இவர்கள் இறங்க நாலு மணி, லாக்கி ஐந்துக்குக் கிளம்புவான், காற்று ஆறுக்கு வரும், இருட்டில் சரிவடியில் இருப்பார்கள். 11:40, அனுப்பிவிட்டேன். கேஸ் பாதிக்கும் கீழே. புதன் வரை தாங்கும்.

செவ்வாய் 09:00, காற்று மோசம். லாக்கிக்கு நான் இன்றைக்கு வருவேன் என்று தெரியும். வராமல் இருக்க வேண்டும். 13:00, யாரும் வரவில்லை. நல்லது. 16:10, சரிவு இறங்கியது, சத்தம் கேட்டது. கீழே யாருமில்லை. நல்லது. 17:45, கம்பி முறிந்தது. பை நனைகிறது. கேஸ் தீர்ந்தது. 18:30, விசில் ஊதிப் பார்த்தேன்.

அதற்குக் கீழே நேரம் இல்லை. எழுத்து பெரிதாகச் சாய்ந்திருந்தது. "லாக்கி, வந்துடேன்."

நான் நோட்டை மூடி மர்டோவிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நேற்றே என் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டான். நாங்கள் அவளை ஆறு மணி நேரம் சுமந்து இறக்கினோம்.

அதற்குப் பிறகு ஊர் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சரிவு செவ்வாய் நாலு மணிக்கு இறங்கியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாக்கி அன்றைக்கு ஆளை அனுப்பியிருந்தால் பத்தொன்பது பேரும் செத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மீன்பண்ணை அண்ணன் தம்பியின் அம்மா கடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். பாதிரியார் அடக்க ஆராதனையில் என் நிதானத்தைப் பாராட்டினார். நான் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். முகட்டு வழி ஒன்று இருந்ததை நான் சொல்லவில்லை. மர்டோவும் சொல்லவில்லை. அவன் ஆராதனை முடியும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டான்.

நோட்டு விசாரணைக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து எய்லியிடம் வந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. நோட்டைக் கல்லா மேசையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். ஒன்பது மணி வரி.

"தான் செவ்வாய் வருவேன்னு உங்களுக்குத் தெரியும்னு அம்மா எழுதியிருக்கா. தெரியுமா மாமா?"

சரிவைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஊரே எனக்காக அதைத் தயாராக வைத்திருந்தது. சொல்லவில்லை.

"தெரியும். எப்பவும் ஒரு நாள் கூட்டித்தான் எழுதுவா. அன்னிக்குப் பாலும் எடுத்து வெக்கச் சொன்னா."

"அப்ப நான் போன் பண்ணப்ப?"

"அப்பவும் தெரியும். நீ சரியாத்தான் சொன்னே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்மா மாதிரியே நேராக நின்றாள், ஆனால் அம்மாவின் வாய் அவளுக்கு வரவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக நின்று வாங்கியிருப்பேன்.

"மூணு வாரமா யோசிச்சுட்டே இருக்கேன்," என்றாள். "அம்மா சொன்ன நாளைக்கூட ஒழுங்கா ஞாபகம் வெச்சுக்கலையே, என்ன பொண்ணு நான்னு. போலீஸுக்குப் போன் பண்ண நம்பரைக்கூட எடுத்துட்டேன் மாமா. நீங்க தப்புன்னு சொன்னதால வெச்சுட்டேன்."

நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே குழுத் தலைவர் வேலையை விட்டுவிடுவதாக எழுதி மர்டோவிடம் கொடுத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பத்தொன்பது பேரைக் காப்பாற்றியவன் ஏன் விலகினான் என்று.